படியும் முடியும்: ஃபுக்ஸ் இயற்றிய இசைப் பயிற்சி நூல்

செய்யுள் இயற்றக் கற்பிக்க முடியுமா என்னும் வினா புலவர் அவைகளில் மிகப் பழையது. யாப்பைக் கற்பிக்கலாம், கவிதையைக் கற்பிக்கவொண்ணாது என்று கூறி அதனை ஒரே மூச்சில் முடித்துவிடுவாரும் உளர். இதே வினா மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களின் இசைத்துறைகளிலும் நெடுங்காலமாக எழுந்தவண்ணம் இருக்கிறது. அங்கே இசையமைப்பும் இசையிலக்கணமும் பயிலப் புகும் மாணாக்கனுக்கு, தன் உள்ளத்தில் ஊறிய பண்ணை எழுதும் வாய்ப்புப் பல துறைகளில் முதற்கண் கிட்டுவதில்லை. ஆசிரியர் பத்துப் பதினொரு சுரங்கள் கொண்ட ஒரு சிறு பண்ணைக் கொடுக்கிறார். அதற்கு எதிராக மற்றொரு பண்ணை விதி வழுவாமல் நிறுத்திக் காட்டுமாறு பணிக்கிறார். பாட வந்தவனைக் கணக்குப் போடச் சொன்னாற்போல் மாணாக்கன் மலைத்து நிற்கிறான்.

இப்பயிற்சிக்கு மூலமாய் நிற்பது 1725ஆம் ஆண்டில் வியன்னா நகரில் இலத்தீன் மொழியில் வெளிவந்த ஒரு நூல். 'கிராடுஸ் அட் பர்னாசும்' என்பது அதன் பெயர். பர்னாசஸ் என்பது கலைத் தெய்வங்கள் உறைவதாகக் கிரேக்கர் கருதிய மலை. அம்மலைக்கு ஏறும் படிகள் என்பதே நூற்பெயரின் பொருள். இதனை இயற்றியவர் யோகான் யோசப் ஃபுக்ஸ். நூல் தோன்றி முந்நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. இசையுலகில் எத்தனையோ புரட்சிகள் நிகழ்ந்தும் இந்நூலின் பயிற்சிமுறை மட்டும் வகுப்பறையை விட்டு வெளியேறவில்லை. அதனைப் போற்றுவோர் இசையின் இலக்கணமே அதுதான் என்பர். தூற்றுவோர் மாணாக்கரின் கற்பனையைக் கொல்லும் நஞ்சு என்பர். இவ்விரு கூற்றும் நூலின் இயல்பை உணராமையால் எழுந்தவை என்பதை அந்நூலின் அமைப்பும் வரலாறுமே காட்டும்.

எண்ணும் பண்ணும்

ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் இசை நுழைந்தது கலையாக அன்று, கணக்காகவே. எண்கணிதம், வடிவக் கணிதம், இசை, வானியல் ஆகிய நான்கும் ஒரு தொகுதியாக இடைக்காலத்தில் பயிலப்பட்டன. இரண்டுக்கு ஒன்று என்னும் விகிதத்தில் ஒலிப்பவை ஒரு சுரமும் அதன் மேற்சுரமும். மூன்றுக்கு இரண்டு என்னும் விகிதத்தில் ஒலிப்பவை சட்சமும் பஞ்சமமும், அதாவது பண்டைத் தமிழர் குரல் என்றும் இளி என்றும் வழங்கியவை. நான்குக்கு மூன்று என்பது சட்சமும் மத்திமமும். இவற்றை ஆராய்வதே இசையறிவு எனப்பட்டது. பாடுவோனும் பாட்டமைப்போனும் கோயில்களிலும் அரண்மனைகளிலும் ஆசானிடம் நேரே தொழில் கற்றனர். அறிவு ஓரிடத்தும் தொழில் மற்றோரிடத்துமாகப் பிரிந்து கிடந்த நிலை இது.

ஃபுக்ஸின் நூல் இவ்விரண்டையும் ஒரே அட்டைக்குள் கொண்டுவந்தது. அதன் முதற்பகுதி விகிதங்களையும் இடைவெளிகளையும் கணக்கு முறையில் விளக்குவது. இரண்டாம் பகுதி இசையமைக்கும் தொழிலைப் படிப்படியாகப் பயிற்றுவது. பின்வந்தோர் முதற்பகுதியைப் பெரும்பாலும் மறந்தனர். ஆல்பிரட் மான் 1943இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பும் இரண்டாம் பகுதியிலிருந்து பயிற்சி உரையாடலைத்தான் தேர்ந்தெடுத்துத் தந்தது. அறிவும் தொழிலும் சேர்ந்திருந்த நூல், தொழில்நூலாக மட்டும் உலவத் தொடங்கியது. இவ்வாறு துண்டாடப்பட்ட நூலைக் கொண்டு ஆசிரியரை மதிப்பிடுவது முறையாகாது.

ஆசானும் மாணாக்கனும்

ஃபுக்ஸ் ஸ்டீரியா நாட்டில் உழவர் குடியில் ஏறத்தாழ 1660ஆம் ஆண்டில் பிறந்தவர். 1698இல் பேரரசர் லியோபோல்டின் அரண்மனை இசையமைப்பாளரானார். 1715 முதல் 1741இல் தாம் மறையும் வரை அரண்மனை இசைத் தலைமையை வகித்தார். நூல் எழுதும்போது அவர் முதியவர். தம் வாழ்நாள் முழுதும் இளைஞரைப் பயிற்றியவர். அப்பட்டறிவு நூலின் வடிவத்திலேயே வெளிப்படுகிறது. பயிற்சிப் பகுதி முழுவதும் ஓர் ஆசானுக்கும் மாணாக்கனுக்கும் இடையே நிகழும் உரையாடலாகவே செல்கிறது. ஆசானின் பெயர் அலோய்சியுஸ். 1594இல் மறைந்த இத்தாலிய இசைப் பேரறிஞர் பலஸ்திரீனாவையே அப்பெயரால் குறிப்பதாக ஃபுக்ஸ் முன்னுரையில் கூறுகிறார். மாணாக்கனின் பெயர் யோசேபுஸ். அவன் ஃபுக்ஸே என்பது வெளிப்படை. நாடே போற்றும் தலைமை இசையறிஞர் தம் நூலில் மாணாக்கன் இருக்கையில் அமர்ந்திருப்பது எண்ணி மகிழத் தக்கது.

முதற் காட்சியில் ஆசான் பாடத்தைத் தொடங்கிவிடுவதில்லை. இக்கலை கடல் போன்றது, கடினமானது என்று அச்சுறுத்துகிறார். பொருள் தேடும் நோக்கம் உண்டா என்று கேட்டுப் பார்க்கிறார். சிறுவயது முதலே இசை தன்னை ஆட்கொண்டதென்று மாணாக்கன் கூறிய பின்னரே ஏற்றுக்கொள்கிறார். பின்னர் அவன் பயிற்சி எழுதுகிறான், தவறுகிறான், ஆசான் சுட்டுகிறார், அவன் காரணம் கேட்கிறான், சில வேளை விடை கிடைக்கிறது, சில வேளை பொறுத்திருக்கச் சொல்கிறார். வினாவும் விடையுமாக நூல் செய்வது தமிழுக்கும் புதிதன்று. ஆயினும் இந்நூலில் மாணாக்கனின் பிழையே பாடத்தை நடத்திச் செல்கிறது. விதி முன்னே வந்து பிழை பின்னே வருவது பொதுவான பாடநூல் முறை. இங்கே பல இடங்களில் பிழை முன்னே வர, விதி அதற்கு மருந்தாக வருகிறது. இம்முறையை விடுத்து விதிகளை மட்டும் எண்ணிட்டு அடுக்கிய பிற்காலத்துப் பாடநூல்கள் உயிரை விட்டு உடலைச் சுமந்தன என்று சொல்லலாம்.

ஐந்து படிகள்

இரண்டு பண்கள் ஒரே நேரத்தில் ஒலிக்கையில் ஒவ்வொன்றும் தன் போக்கில் இனிதாய்ச் செல்லவேண்டும்; சேர்ந்து ஒலிக்கையிலும் இனிமை கெடலாகாது. இதனைக் கற்பிப்பதே கவுண்டர்பாயிண்ட் எனும் எதிர்ச்சுரக் கலை. ஒரே பண்ணில் ஆழ்ந்து செல்லும் இசைமரபில் வளர்ந்தவர்க்கு இது புதிய உலகம். ஃபுக்ஸ் இதனை ஐந்து படிகளாக வகுத்தார். கொடுத்த பண்ணின் ஒரு சுரத்துக்கு ஒரு சுரம் நிறுத்துவது முதற்படி. ஒன்றுக்கு இரண்டு நிறுத்துவது இரண்டாவது. ஒன்றுக்கு நான்கு நிறுத்துவது மூன்றாவது. முன் ஒலித்த சுரத்தை அடுத்த தட்டு வரையில் பிடித்துவைத்து, அங்கே அது முரணாய் நின்றபின் ஒரு படி கீழிறக்கி முரணைத் தீர்ப்பது நான்காவது. இவை எல்லாவற்றையும் கலந்து எழுதுவது ஐந்தாவது. இரண்டு இழைகளில் ஐந்தும் முடிந்த பிறகே மூன்று இழைகள், அதன் பிறகே நான்கு இழைகள்.

தமிழாசிரியர்க்கு இம்முறையை விளக்க நீண்ட உரை வேண்டா. வெண்பாப் பயிற்றும் ஆசிரியர் ஈற்றடியைக் கொடுத்து மேலடிகளைப் பாடச் சொல்வது வழக்கம் அன்றோ? பொருளும் முடிபும் ஒருவாறு கொடுக்கப்பட்டுவிட்டமையால் மாணாக்கனின் கவனம் தளையிலும் தொடையிலும் நிலைகொள்கிறது. ஃபுக்ஸ் கொடுக்கும் பண்ணும் அத்தகையதே. பண்ணைத் தேடும் தொல்லையை ஆசிரியர் ஏற்றுக்கொள்கிறார். பொருத்தும் தொல்லை மட்டும் மாணாக்கனுக்கு மிஞ்சுகிறது. ஒரு நேரத்தில் ஓர் இடர்ப்பாடு என்பதே இம்முறையின் உயிர்நாடி. இதனினும் சிறந்த கற்பித்தல் நெறி இசையுலகில் தோன்றவில்லை எனில் அது மிகையாகாது. ஆனால் ஈற்றடிக்குப் பாடிய வெண்பா பயிற்சி வெண்பாவேயன்றி, அதனைக் காப்பியமெனக் கொள்வார் இலர். இவ்வேறுபாட்டை இசைத்துறையினர் பலகால் மறந்தமையே பின்னர் வந்த குழப்பத்திற்கு வித்தாயிற்று.

சொல்லாத காரணம்

நூலின் குறைகளுள் முதலாவது, அது விதியைச் சொல்லும் அளவுக்குக் காரணத்தைச் சொல்லாமை. தொடக்கத்தில் நான்கு விதிகள் வருகின்றன. அவற்றை ஒன்றாகவும் சுருக்கலாம்: இரண்டு இழைகளும் ஒரே திசையில் ஏறியோ இறங்கியோ சென்று முழு இணக்கத்தை, அதாவது மேற்சுர உறவையோ இளியுறவையோ அடைதல் கூடாது. எனவே இரண்டு இளியுறவுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே திசையில் செல்வதும் குற்றமாகும். தேர்வுத் தாள்களில் சிவப்பு மையால் மிகுதியும் சுட்டப்படும் குற்றம் இதுவே. இளி இனிய உறவாயிற்றே, இனிமை இரண்டு தொடர்ந்து வருவது எவ்வாறு குற்றமாகும் என்று எந்த மாணாக்கனும் கேட்பான். நூலில் இதற்கு மனம் நிறையும் விடை இல்லை.

விடையைப் பின்வந்த ஆராய்ச்சி தந்தது. மிக இணங்கிய இரண்டு ஒலிகள் செவியில் இரண்டாக நில்லாமல் ஒன்றாகக் கலந்துவிடும் இயல்புடையன. மேற்சுர உறவில் இக்கலப்பு மிகுதி; அடுத்து இளியுறவில். அவ்வுறவில் நின்று இரு இழைகளும் ஒரே திசையில் சேர்ந்து நகர்ந்தால், கேட்போர் இரண்டு பண்களைக் கேட்பதில்லை. தடித்த ஒரே பண்ணைக் கேட்கின்றனர். இழைகளின் தனித்தன்மையைக் காப்பதற்கே இவ்விதி பிறந்தது என்பதைச் செவிப்புல உளவியலின் துணைகொண்டு டேவிட் ஹூரன் 2001இல் விரிவாக நிறுவினார். இக்காரணம் தெரிந்த மாணாக்கன் விதியை அஞ்சிக் காக்கமாட்டான், உணர்ந்து காப்பான். தனி இழைகள் வேண்டாத இடத்தில், தடித்த ஒரே பண்ணே தேவைப்படும் இடத்தில், உணர்ந்தே அதனை மீறவும் செய்வான். காரணம் அறியாதவனுக்கு விதி ஒரு வேலி. அறிந்தவனுக்கு அது ஒரு கருவி.

பெயர் ஒன்று, வழக்கு ஒன்று

இரண்டாவது குறை இதனினும் பெரிது. பலஸ்திரீனாவின் வாயிலிருந்தே விதிகள் வருவதாக ஃபுக்ஸ் அமைத்துள்ளார். ஆனால் பலஸ்திரீனா மறைந்து 131 ஆண்டுகள் கழிந்தபின் எழுந்த நூல் இது. ஃபுக்ஸ் அப்பெருமகனின் பாடல்களை ஒவ்வொன்றாய் ஆராய்ந்து எண்ணி விதி வகுத்தாரல்லர். தம் காலத்துக் கோயில் இசையில் பழைய நடை என்று போற்றப்பட்ட ஒன்றைத் தம் செவியாலும் ஆசிரியர் வழியாலும் அறிந்து எழுதினார். அவருடைய கொடுத்த பண்களில் சுரங்கள் எல்லாம் ஒரே அளவினவாய் அணிவகுத்து நிற்கின்றன; சொற்கள் இல்லை. பலஸ்திரீனாவின் இசையோ வழிபாட்டுச் சொற்களின் அசையும் அழுத்தமும் பிறப்பித்த இசை. சொல்லை நீக்கிய பிறகு எஞ்சுவது அதன் எலும்புக்கூடேயாகும்.

இங்கிலாந்தில் இக்குறை முற்றி விளைந்தது. அந்நாட்டுப் பட்டத் தேர்வுகளில் கண்டிப்பான எதிர்ச்சுரம் என்னும் பெயரில் விதிமேல் விதியாகக் குவித்து வினாக்கள் விடுக்கப்பட்டன. அவற்றிற்கேற்ப விடையெழுதக் கற்பிக்கும் பாடநூல்களும் பெருகின. 1922இல் ஆர். ஓ. மோரிஸ் என்பார் பதினாறாம் நூற்றாண்டின் எதிர்ச்சுர நுட்பம் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பாடநூல்கள் விதிக்கும் இலக்கணத்துக்கும் அந்நூற்றாண்டில் வாழ்ந்த பேர்ட் முதலியோர் உண்மையில் இயற்றிய இசைக்கும் இடையே உள்ள பிளவை அந்நூல் எடுத்துக்காட்டியது. தேர்வில் வெற்றிபெற்ற மாணாக்கன் எழுதியது எக்காலத்தும் எவரும் பாடாத ஓர் இசை என்பது தெளிவாயிற்று. இதனினும் கூரிய கண்டனம் ஒரு கல்விமுறைக்கு வேறு வேண்டுமோ?

அதே ஆண்டுகளில் டென்மார்க்கு அறிஞர் கனுட் யெப்பெசன் கண்டனத்தோடு நில்லாமல் ஆக்கப்பணியிலும் இறங்கினார். வியன்னாப் பல்கலைக்கழகத்தில் 1922இல் முனைவர் பட்டம் பெற்ற அவர், பலஸ்திரீனாவின் இசையில் முரண்சுரங்கள் வரும் இடங்களைத் தேடித் தொகுத்து ஆராய்ந்தார். விரைந்து செல்லும் சுரவரிசையில் தாளத்தின் அழுத்தமான இடத்திலிருந்து மேல்நோக்கித் தாவுவதை அவ்விசையறிஞர் பெரிதும் தவிர்த்தார் என்பது, யெப்பெசன் இவ்வாறு கண்ட நுட்பங்களுள் ஒன்று. பயிற்சி விதிகளை மட்டும் மனப்பாடம் செய்தவர் இதனை ஒருபோதும் கண்டிருக்க இயலாது. வழக்கையும் செய்யுளையும் அடிப்படையாகக் கொண்டே தம் நூலைத் தொல்காப்பியர் செய்தார் எனப் பாயிரம் உரைக்கும் நெறியை அறிந்த தமிழர்க்கு, யெப்பெசன் செய்த பணியின் அருமை எளிதில் விளங்கும்.

ஈண்டு நோக்கவேண்டிய செய்தி மற்றொன்று உண்டு. ஃபுக்ஸின் பிழைகளை இவ்வளவு நுணுகிக் கண்ட யெப்பெசன், 1930இல் தாமே ஒரு பாடநூல் எழுதியபோது ஃபுக்ஸின் ஐந்து படிகளைக் கைவிடவில்லை. விதிகளைப் பலஸ்திரீனாவின் வழக்குக்கு ஏற்பத் திருத்திக்கொண்டு, படிமுறையை அவ்வாறே வைத்துக்கொண்டார். இலக்கணம் என்ற அளவில் தளர்ந்த நூல், பயிற்று நெறி என்ற அளவில் தளரவில்லை என்பதற்கு இதனினும் நல்ல சான்று இல்லை.

கற்றவர் கண்ட பயன்

நூலின் தகுதியை அதனைக் கற்றவர் வாழ்விலும் காணலாம். வியன்னாவின் புனித ஸ்டீபன் ஆலயத்துப் பாடற்குழுவில் இருந்து, குரல் உடைந்ததும் வெளியேற்றப்பட்ட ஓர் ஏழை இளைஞர் இந்நூலைத் தானே பயின்று, ஓரங்களில் குறிப்பெழுதித் தேர்ந்தார். அவரே யோசப் ஹைடன். எந்தப் பல்கலைக்கழகத்திலும் பயிலாத அவருக்கு 1791இல் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகம் இசைமுனைவர் பட்டம் வழங்கிப் பெருமை கொண்டது. மோட்சார்ட்டும் தம்மிடம் பயில வந்த ஆங்கில இளைஞர் தாமஸ் அட்வுட்டை இப்பயிற்சிகள் வழியே நடத்தினார். அப்பயிற்சி ஏடுகள் இன்றும் உள்ளன.

1792இன் இறுதியில் பீத்தோவன் ஹைடனிடம் மாணாக்கராகச் சேர்ந்தார். அவர் எழுதிய பயிற்சிகளுள் 245 அளவில் இன்றும் கிடைக்கின்றன. அவற்றுள் ஹைடன் திருத்தியவை நாற்பத்திரண்டு மட்டுமே. திருத்தாமல் விட்டவற்றுள் பிழைகள் பல உள்ளன. பெருங்கலைஞர் எல்லாரும் பேராசிரியராய் விளங்குவர் என்பது உறுதியன்று. பீத்தோவன் பின்னர் ஆல்பிரெக்ட்ஸ்பெர்கர் என்னும் கண்டிப்பான ஆசிரியரை அடுத்து 1794, 1795 ஆகிய ஆண்டுகளில் மேலும் பயின்றார்.

அவருடைய மாணாக்கர் ரீஸ் ஒரு செய்தியைப் பதிவு செய்துள்ளார். பீத்தோவனின் பதினெட்டாம் எண் தொகுப்பிலுள்ள ஒரு நால்வர் இசையில் தொடர் இளியுறவு வருவதை அவர் சுட்டினாராம். யார் அதனைத் தடுத்தவர் என்று பீத்தோவன் வினவ, ரீஸ் திகைத்து ஃபுக்ஸ் முதலிய இலக்கண ஆசிரியரின் பெயர்களை அடுக்கினார். அப்படியாயின் தாம் அதனை அனுமதிப்பதாகக் கூறி பீத்தோவன் முடித்துவிட்டாராம். விதியை வெறுப்போர் இக்கதையைப் பெரிதும் விரும்பிச் சொல்வர். ஆனால் அவர்கள் சொல்லாமல் விடும் பிற்பகுதி ஒன்றுண்டு. 1809இல் இளவரசர் ருடால்புக்குப் பாடம் நடத்தவேண்டி வந்தபோது, அதே பீத்தோவன் ஃபுக்ஸ், ஆல்பிரெக்ட்ஸ்பெர்கர் முதலியோர் நூல்களிலிருந்து பகுதிகளைத் தம் கையால் படியெடுத்துத் தொகுத்தார். தமக்கு வேண்டாத விதி தம் மாணாக்கனுக்கு வேண்டும் என அவர் கருதினார். விதியைத் தாண்டும் உரிமை அதன்மேல் நடந்து வந்தவனுக்கே உண்டு என்பதை அவர் செயல் உணர்த்துகிறது.

இருபதாம் நூற்றாண்டில் இதற்கிணையான மற்றொரு சான்று கிடைக்கிறது. பழைய இசையின் அடித்தளமாகிய ஆதாரசுர முறையையே கைவிட்டுப் புதுநெறி கண்டவர் அர்னால்டு ஷோன்பெர்க். இட்லரின் ஆட்சி வந்ததும் 1933இல் நாடு நீங்கி அமெரிக்கா சேர்ந்த அவர், 1936 முதல் 1944 வரை லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். இத்தகைய புரட்சியாளர் வகுப்பில் புதுமையையே எதிர்பார்த்து வந்த இளைஞர்க்கு அவர் கொடுத்தது எதிர்ச்சுரப் பயிற்சி. அவர் மறைந்தபின் 1963இல் வெளியான பயிற்சி நூலும் ஃபுக்ஸின் ஐந்து படிகளிலேயே தொடங்குகிறது. எதிர்ச்சுரத்தைக் கோட்பாடாகக் கருதலாகாது, பயிற்சி முறையாகவே கருதவேண்டும் என்பது அவர் கொள்கை. நூலைப் பற்றி எழுந்த முந்நூற்றாண்டு வழக்குக்கு இதுவே நேர்மையான தீர்ப்பு.

மதிப்பீடு

ஃபுக்ஸின் நூல் பலஸ்திரீனாவின் இசைக்கு இலக்கணம் ஆகாது. பீத்தோவனின் இசைக்கும் ஆகாது. எந்த ஒரு காலத்து இசைக்கும் அது முழு இலக்கணம் அன்று. அதனை அவ்வாறு கொண்டு தேர்வு நடத்திய கல்விநிலையங்கள் மாணாக்கரை வஞ்சித்தன. ஆனால் ஒரே நேரத்தில் பல இழைகளைக் கேட்கும் ஆற்றலைச் செவிக்கும், ஒவ்வொரு சுரத்துக்கும் பொறுப்பேற்கும் பழக்கத்தை மனத்துக்கும் தருவதில் அதற்கு நிகர் அரிது. அதனைத் தூக்கி எறிந்துவிட்டு, விரும்பியதை எழுதுக என்று மாணாக்கனை வெட்டவெளியில் விடுவதும் ஒருவகை வஞ்சனையே. விரும்பியதை எழுதும் திறம் அவனுக்கு இன்னும் கைவரவில்லை. கைவராத ஒன்றை உரிமை என்று கொடுப்பதால் பயன் என்ன?

எனவே இசையமைப்பைக் கற்பிக்கும் துறை செய்யவேண்டுவன மூன்று எனத் தெரிகிறது. பயிற்சி விதியைச் சொல்லும்போதே அதன் காரணத்தையும் சொல்லுதல் ஒன்று. விதி கற்பிக்கும் நாளிலேயே பேரறிஞரின் பாடலொன்றைப் பாடியும் கேட்டும், விதி அங்கே நிற்கும் இடத்தையும் நெகிழும் இடத்தையும் மாணாக்கனே காணச் செய்தல் இரண்டு. பிழையைச் சிவப்பு மையால் சுழித்து மதிப்பெண் குறைப்பதோடு நில்லாமல், அலோய்சியுஸ் யோசேபுசுடன் அமர்ந்ததுபோல் அமர்ந்து, அப்பிழை செவிக்கு என்ன செய்கிறது என்று உடனிருந்து காட்டுதல் மூன்று. இம்மூன்றும் யாப்பு நடத்தும் தமிழாசிரியர்க்கும் பொருந்தும். தளை தட்டிற்று என்று மட்டும் கேட்ட மாணாக்கன் செய்யுளை அஞ்சுவான். தட்டிய இடத்தில் ஓசை எவ்வாறு கெட்டது என்று செவியால் உணர்ந்த மாணாக்கன் அடுத்த வெண்பாவைத் தானே தொடங்குவான்.

நூலுக்கு மலைப்படிகள் என்று பெயரிட்ட முதியவர் அறிவுடையவர். சிகரம் என்று அதற்குப் பெயரிடவில்லை. படியில் அமர்ந்து அதுவே முடி என்போரும், படியே வேண்டா என்று அடிவாரத்தில் நிற்போரும் சேர இயலாத உயரத்துக்கு ஏறிச் சென்றவர் ஹைடனும் பீத்தோவனும். மாணாக்கரை அப்படிகளில் ஏற்றுவதும், ஏறிய பின் படிகளை மறக்கும் துணிவை அவர்க்குத் தருவதும் ஆசிரியர் கையில் உள்ளன.